உறைகடல் மேல் ஒரு குடித்தனம்

1860 ஜூலை 1. அமெரிக்காவின் நியூ லண்டன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ஒரு மாதமாகியிருந்த 'ஜார்ஜ் ஹென்றி' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் குட்லாகோ என்ற, ஆர்க்டிக் பூர்வகுடியான இனுயிட் மனிதர் உயிரை விட்டுக்கொண்டிருந்தார். முந்தின வருஷம் கேப்டன் சிட்னி பட்டிங்டனோடு அமெரிக்காவைப் பார்க்கப் போனவர், இப்போது கனடாவின் வடக்கே பாஃபின் தீவில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நியூஃபவுண்ட்லாந்து பக்கத்து மூடுபனியில் சளி பிடித்து நெஞ்சில் இறங்கிவிட்டது. கடைசி நேரத்தில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கடலில் பனி கண்ணில் படுகிறதா? பனி தெரிந்தால் ஊர் பக்கத்தில் வந்துவிட்டது என்று பொருள். அது தெரிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. உடலைக் கடலிலேயே இறக்கினார்கள். கப்பல் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய மனைவி ஏறிவந்து, கணவனின் பொருள்களைப் பார்த்து அழுதாள்.

பக்கத்தில் நின்று இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் சார்லஸ் பிரான்சிஸ் ஹால். சின்சினாட்டி நகரத்தில் முத்திரை செதுக்கும் தொழில் செய்தவர். பிறகு சின்னதாக ஒரு பத்திரிகை நடத்தினார். கடல் அனுபவம் சுத்தமாகக் கிடையாது. மனைவி, பிள்ளைகள் உண்டு. 1845-ல் வடமேற்குக் கடல்வழி தேடிப்போன ஜான் ஃபிராங்க்ளினும் அவருடைய 128 ஆட்களும் காணாமல் போன கதையைப் படித்துப் படித்து, அவர்களில் சிலராவது இனுயிட் மக்களோடு இன்னும் உயிரோடு இருப்பார்கள் என்று நம்பிவிட்டார். அவ்வளவுதான். கடையை மூடினார், நியூயார்க் வியாபாரி ஹென்றி கிரின்னெல் போன்றவர்களிடம் உதவி வாங்கினார், ஒரு படகு கட்டிக்கொண்டு இந்தக் கப்பலில் ஏறிக் கிளம்பிவிட்டார். இப்படிப்பட்ட ஆசாமிகளை எந்த ஊரிலும் கிறுக்கன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கிறுக்கன் எதையும் விடாமல் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். அதனால்தான் பாஃபின் தீவின் ஃப்ரோபிஷர் விரிகுடாப் பகுதியில் கடல் உறைந்து கிடந்த இரண்டு குளிர்காலங்கள் இன்றைக்கும் நாள்வாரியாகக் கிடைக்கின்றன.

போன வேகத்தில் திட்டம் குலைந்தது. செப்டம்பர் கடைசியில் அடித்த புயலில் ஹாலின் படகு கரையில் மோதி நொறுங்கியது. துணைக்கு வந்த 'ரெஸ்க்யூ' என்ற சிறு கப்பலும் போயிற்று. ஃபிராங்க்ளின் ஆட்களைத் தேடவேண்டிய இடமோ மேற்கே வெகு தூரம். இனி ஹாலால் செய்ய முடிந்தது, ஃபீல்டு விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற கப்பலில் உட்கார்ந்து கடல் உறைவதைப் பார்ப்பதுதான்.

அது பார்க்கத் தகுந்த காட்சி. குளத்து நீர் உறைவதுபோல் கடல்நீர் உறைவதில்லை. நல்ல தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் அதிகபட்ச அடர்த்தியை அடைகிறது. அதற்குக் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலேயே தங்கிச் சட்டென்று உறைந்துவிடும். உப்புக்கடல் உறைநிலையைத் தொடும்வரை கனத்துக்கொண்டே போகும். குளிர்ந்த நீர் கீழே இறங்க, கீழே இருக்கும் நீர் மேலே வர, ஒரு பெரிய அடுக்கே குளிர்ந்து முடிந்தபிறகுதான், சுமார் மைனஸ் 1.8 டிகிரியில், உறைய ஆரம்பிக்கும். முதலில் தண்ணீருக்குள் ஊசி ஊசியாகப் பனித்துகள்கள் மிதக்கும். அவை மேலே திரண்டதும் கடலின் பளபளப்பு மங்கி, மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்குவதுபோல் ஒரு கலங்கல் தெரியும். அலை அடங்கிவிடும். பிறகு கருத்த மெல்லிய தோல் ஒன்று படியும். அது கண்ணாடிபோல் உடையாது, வளையும். கீழே அலை எழுந்தால் கூடவே எழுந்து தாழும்.

வளைவதற்குக் காரணம் உப்பு. உறையும்போது தண்ணீர் உப்பை வெளியே தள்ளுகிறது. எல்லா உப்பும் வெளியேறிவிடாது. கொஞ்சம் உப்புச்சாறு பனிக்குள்ளேயே நுண்ணிய குழாய்களில் மாட்டிக்கொள்ளும். அதனால் இளம் கடல்பனி, அதே கனமுள்ள ஏரிப்பனியைவிட வலுக் குறைந்தது. நாளாக ஆகச் சாறு கீழே வடிந்து, பனி இறுகி வெளுக்கும். வருஷக்கணக்காகக் கிடந்த பழைய கடல்பனியை உருக்கினால் குடிக்கவே குடிக்கலாம்.

இன்னொரு விஷயம், வெளியாட்கள் எளிதில் ஏமாறும் இடம் அது. வெண்பனி நிறையப் பெய்தால் கடல் நன்றாக உறையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. மெல்லிய கடல்பனிமேல் வெண்பனி கனமாகக் கொட்டினால் மேலேயிருந்து குளிர் உள்ளே இறங்காது. அடியில் பனி கனக்காமல் நின்றுவிடும். மேலே பார்த்தால் வெள்ளைவெளேர் என்று சமதரையாகத் தெரியும். இப்படி மூடிக்கிடக்கும் மெல்லிய இடங்களில்தான் ஆட்கள் விழுகிறார்கள். இனுயிட் வேட்டைக்காரர் கையில் இரும்பு முனை வைத்த ஒரு கோல் எப்போதும் இருக்கும். அதற்கு உனாக் என்று பெயர். நடந்துகொண்டே முன்னால் குத்திப் பார்ப்பார். ஒரே குத்தில் கோல் உள்ளே போய்விட்டால் அந்த வழி கிடையாது.

நவம்பர் தொடக்கத்தில் கப்பல் அறையில் எழுதிக்கொண்டிருந்த ஹாலுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் சுத்தமான ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னது. திரும்பினால், கிரினோலின் பாவாடையும் தொப்பியும் அணிந்த ஓர் இனுயிட் பெண். டூக்கூலிட்டோ. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தாள். கூட வந்தவர் கணவர் எபியர்பிங். இருவரும் 1853 முதல் ஏறக்குறைய இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்தவர்கள், விக்டோரியா ராணியை நேரில் பார்த்துப் பேசியவர்கள். டூக்கூலிட்டோவின் அண்ணன் ஈனூலூவாபிக் அதற்கும் முன்பே, 1839-ல், ஸ்காட்லாந்துக்குப் போனவர். அவர் வரைந்து காட்டிய படத்தை வைத்துத்தான் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் கம்பர்லாந்து நீர்ப்பரப்புக்குள் நுழைந்தன. ஆக, உலகம் சுற்றிய குடும்பம். சின்சினாட்டியை விட்டு அதுவரை வெளிக்கடல் பார்க்காத ஹால்தான் அங்கே பட்டிக்காட்டான்.

சில நாள் கழித்து ஹால் அவர்கள் கூடாரத்துக்குப் போனபோது, அவள் கம்பளி நூலில் காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். தேநீர் கடுப்பமாக வேண்டுமா, இலேசாக வேண்டுமா என்று கேட்டாள். திமிங்கில வேட்டைக்காரர்கள் பேசும் கெட்ட வார்த்தைகளை இங்குள்ளவர்களும் கற்றுக்கொள்கிறார்களே என்று வருத்தப்பட்டாள். நாகரிகத்தைக் கொண்டுபோவதாக நினைத்துக் கிளம்பிய மனிதருக்கு இது முதல் பாடம். அன்றிலிருந்து இந்தத் தம்பதியை விட்டு அவர் பிரியவில்லை.

1861 ஜனவரி 10-ம் தேதி ஹால் அந்தத் தம்பதியோடு நாய்வண்டி கட்டிக்கொண்டு வடக்கே கார்னீலியஸ் கிரின்னெல் விரிகுடாவுக்குக் கிளம்பினார். இனுயிட் மக்கள் வாழ்வதுபோலவே தானும் வாழ்ந்து பழகவேண்டும் என்பது ஹாலின் எண்ணம். போகும் வழியெல்லாம் உறைந்த கடல். ராத்தங்கல் எங்கேயோ அங்கே இக்ளூ என்ற வெண்பனி வீடு கட்டவேண்டும். இதில் ஓர் இரகசியமும் இல்லை, பழக்கம்தான்: ஒரே காற்றில் ஒரே தடவையில் குவிந்த, இறுகிய வெண்பனித் திட்டாகப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும், நீளமான கத்தியால் பாளம் பாளமாக அறுத்து, உள்ளிருந்தபடியே சுருளாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். எபியர்பிங் கட்டுவார். டூக்கூலிட்டோ இடுக்குகளில் வெண்பனியை அடைப்பாள். முடிந்ததும் தூங்கும் திண்ணையில் தோல் விரிப்பு, அதன் முன்னால் குல்லிக் விளக்கு.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். மாக்கல்லில் குடைந்த பிறைவடிவத் தட்டு. ஒரு விளிம்பில் பாசியையும் பஞ்சுப்புல்லையும் திரியாக வரிசை பிடித்துவைப்பார்கள். எரிக்கும் எண்ணெய் சீல் என்ற கடல் பிராணியின் கொழுப்பிலிருந்து உருகிவர வேண்டும். சுடர் புகையாமல், விளிம்பு முழுக்க ஒரே உயரத்தில் நிற்கும்படி திரியைத் தட்டித் தட்டிவிடுவது வீட்டுப் பெண்ணின் வேலை. ராத்திரியிலும் எழுந்து பார்க்கவேண்டும். வெளிச்சம், வெப்பம், ஈரத் தோலாடை காயும் கொடி, வெண்பனியை உருக்கிய குடிநீர் எல்லாமே அந்த ஒரு விளக்கிலிருந்துதான். மரம் கிடையாது, விறகு கிடையாது. சீல் கிடைக்கவில்லை என்றால் சோறு மட்டும் இல்லாமல் போவதில்லை. அடுப்பும் விளக்கும் தண்ணீரும் சேர்ந்து போகும்.

போனது அப்படித்தான். அந்தப் பயணம் ஏறக்குறைய ஆறு வாரம் நீடித்தது. இடையில் புயல் வந்து வேட்டை நின்றது. கொண்டுபோன உணவு தீர்ந்தது. எண்ணெயும் தீர்ந்து, இக்ளூ இருட்டில் கிடந்தது. நாய்கள் வண்டியின் தோல்வாரைத் தின்னப் பார்த்தன. எபியர்பிங் ஈட்டியை எடுத்துக்கொண்டு சீல் துளை தேடிப் போனார்.

சீல் பனிக்கடியில் வாழ்ந்தாலும் காற்றை மூச்சிழுக்கும் பிராணி. அந்தப் பகுதியில் நிறைய இருப்பது உடம்பில் வளையப் புள்ளிகள் கொண்ட சிறிய வகை. கடல் உறையத் தொடங்கும்போதே அது சில இடங்களைக் குறித்துக்கொண்டு, முன்துடுப்பின் நகங்களால் சுரண்டிச் சுரண்டித் துளை மூடாமல் பார்த்துக்கொள்ளும். பனி கனக்கக் கனக்கத் துளை குழாயாக நீளும். இரண்டு மீட்டர் பனியிலும் அதை வைத்துக் காப்பாற்றும். மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் இருக்கும், அதையும் வெண்பனி மூடிவிடும். நம் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. நாய் மோப்பம் பிடித்துக் காட்டும்.

பிறகுதான் காத்திருப்பு. காற்று அடிக்கும் பக்கம் பனிப்பாளத்தால் சின்னச் சுவர், உட்கார ஒரு பாளம், காலுக்கடியில் தோல். அசைந்தால் பனி கிரீச்சிடும், அந்தச் சத்தம் கீழே கேட்டுவிடும். ஒரு சீலுக்குப் பல துளைகள். எந்தத் துளைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் முதலில் ஒரு மூச்சுச் சத்தம். முதல் மூச்சில் குத்தினால் கலைந்துவிடும். அது பயம் தெளிந்து மறுபடி மூச்சு விடும்வரை பொறுத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளைக்குள் ஈட்டியை நேராக இறக்கவேண்டும். ஈட்டிமுனை உடம்புக்குள் போய்த் திரும்பிக்கொள்ளும். அதில் கட்டிய வார் கையில் இருக்கும். ஒரு கையால் வாரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் பனியை வெட்டித் துளையைப் பெரிதாக்கி மேலே இழுக்கவேண்டும். எபியர்பிங் இரவும் பகலுமாக ஒரே துளையின் முன் உட்கார்ந்திருந்ததை ஹால் எழுதியிருக்கிறார்.

சீல் வந்தது. இனுயிட் வழக்கப்படி, கொன்ற சீலின் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விடுவார்கள்; உப்புக்கடலில் வாழும் பிராணிக்குத் தாகம் இருக்குமாம். இறைச்சி பிடித்தவருடைய வீட்டில் நிற்காது, சுற்றியிருக்கும் இக்ளூ எல்லாவற்றுக்கும் பங்கு போகும். ஹாலும் பச்சையாகத் தின்றார், இரத்தச் சூப் குடித்தார், நன்றாக இருக்கிறது என்று எழுதியும்வைத்தார். அன்றைய அமெரிக்க வாசகர்கள் முகம் சுளித்திருப்பார்கள். ஆனால் சமைக்காத இறைச்சியில் இருக்கும் வைட்டமின் சி-தான் இனுயிட்களை ஸ்கர்வி நோயிலிருந்து காத்தது. எலுமிச்சைச் சாறும் உப்பிட்ட மாட்டிறைச்சியும் ஏற்றிக்கொண்டு வந்த கப்பல்களில்தான் பல் ஆடி, ஈறு அழுகி ஆட்கள் படுத்தார்கள்.

எல்லாருக்கும் எபியர்பிங் மாதிரித் துணை வாய்க்கவில்லை. அந்த மார்ச்சில் ஜான் பிரௌன் என்ற மாலுமி, இனுயிட் குடியிருப்பிலிருந்து கப்பலுக்கு உறைகடல்மேல் தனியாக நடந்தார். வந்து சேரவில்லை. தேடிப்போனவர்களில் ஹாலும் ஒருவர். காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் உறைந்துபோன உடலைத்தான் கண்டார்கள். பழகியவருக்கு இது ஒருநாள் நடை.

வசந்தம் தொடங்கிய மே மாதத்தில் ஹாலுக்குக் கிடைத்தது, அவர் தேடிவந்ததைவிடப் பெரிய சங்கதி. எபியர்பிங்கின் பாட்டி ஊகிஜாக்ஸி நினூ. வயது நூறு இருக்கும் என்பது ஹாலின் மதிப்பு. டூக்கூலிட்டோ மொழிபெயர்க்க, பாட்டி பழைய கதை சொன்னாள்: வெகு காலத்துக்கு முன் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். முதல் தடவை இரண்டு கப்பல், அடுத்து இரண்டோ மூன்றோ, அதற்கடுத்து ஏராளம். ஒரு தீவில் பள்ளம் தோண்டினார்கள். ஐந்து பேர் பின்தங்கிவிட்டார்கள். அவர்கள் இங்கேயே குளிர்காலம் கழித்து, ஒரு படகு கட்டி, பனி விலகுமுன்பே அவசரப்பட்டுக் கிளம்பினார்கள். கை விறைத்துப் போய்த் திரும்பி வந்தார்கள்.

ஹாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது மார்ட்டின் ஃப்ரோபிஷரின் கதை. எலிசபெத் ராணி காலத்தில், 1576-ல், சீனாவுக்குக் குறுக்குவழி தேடி இந்த நீர்ப்பரப்புக்குள் நுழைந்தவர் அவர். ஒரு பக்கம் அமெரிக்கா, மறுபக்கம் ஆசியா, நடுவில் இருப்பது நீரிணை என்று நம்பிவிட்டார். கரைக்குப் போன ஐந்து மாலுமிகள் திரும்பவில்லை. பதிலுக்கு ஓர் இனுயிட் மனிதரைப் படகோடு தூக்கிக் கப்பலில் போட்டுக்கொண்டு போனார். அவர் இங்கிலாந்தில் சீக்கிரமே இறந்தார். கையோடு கொண்டுபோன கருங்கல் ஒன்றில் பொன் இருப்பதாக யாரோ சொல்ல, 1577-ல் மூன்று கப்பல், 1578-ல் பதினைந்து கப்பல். முதல் வருஷம் இந்தக் கரைக்கு வந்தது ஒரே கப்பல்தான்; கிட்டத்தட்ட 285 வருஷம் வாய்வழியாக வந்த கதையில் பிசகு அவ்வளவுதான்.

1578-ல் அந்தப் படையைப் பனி விடவில்லை. ஜூலை மாதம், நடுக்கோடை. விரிகுடா வாயிலிலேயே பாளங்கள் சூழ்ந்துகொள்ள, மாலுமிகள் படுக்கை, பலகை, கயிற்றுச் சுருள் என்று கிடைத்ததையெல்லாம் கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்டு மோதலைத் தாங்கப் பார்த்தார்கள். 'டெனிஸ்' என்ற கப்பல் மூழ்கியது. குளிர்காலம் தங்குவதற்காக இங்கிலாந்திலேயே செய்து எடுத்துவந்த மரவீட்டின் ஒரு பகுதி அதோடு போனது. தங்கும் திட்டமும் போனது. அது அவர்களுடைய அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். ஆயிரம் டன்னுக்கு மேல் அள்ளிக்கொண்டுபோன கல்லில் பொன் இல்லை. பணம் போட்ட மைக்கேல் லாக் கடனாளிச் சிறைக்குப் போனார். கல், டார்ட்ஃபோர்டு பக்கம் சாலை போடவும் சுவர் கட்டவும் பயன்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்துக்காரர்கள் இந்த இடத்தையே தொலைத்துவிட்டார்கள். பின்னால் வந்த வரைபடக்காரர்கள் ஃப்ரோபிஷரின் நீரிணையைக் கிரீன்லாந்தின் தெற்கே கொண்டுபோய் வைத்தார்கள். எழுதி அச்சடித்து நூலகத்தில் வைத்தவர்கள் தொலைத்ததை, எழுத்தில்லாத ஒரு கரையின் பாட்டிமார் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஹால் அந்தத் தீவுக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்தார். நிலக்கரி, ஓட்டுத் துண்டு, சுண்ணாம்புக் காரை எல்லாம் பொறுக்கி வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் அனுப்பினார்.

அதே கோடையில் படகில் விரிகுடாவின் உச்சிவரை போய், அது நீரிணையே இல்லை, 230 கிலோமீட்டர் உள்ளே போய் முட்டி நிற்கும் விரிகுடா என்றும் காட்டினார். காட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. படகை நடத்தியவர் கூஜெஸ்ஸி என்ற இனுயிட். கரையோரத்தைத் தாளில் வரைந்து கொடுத்தவரும் அவரே. அது முட்டுச்சந்து என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஹால் வழக்கம்போல ஆற்றுக்குக் கிரின்னெலின் மகள் சில்வியாவின் பெயரை வைத்தார். உச்சியில் உள்ள நுழைகுடாவுக்கு மட்டும் கூஜெஸ்ஸியின் பெயர் நிலைத்தது.

அந்தக் கூஜெஸ்ஸி நுழைகுடாவின் கரையில்தான் இன்றைக்குக் கனடாவின் நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரம் இக்கலூயிட் இருக்கிறது. 1942-ல் அமெரிக்க விமானத் தளமாகத் தொடங்கி, 2021 கணக்குப்படி சுமார் 7,400 பேர் வாழும் ஊர். வெளியூருக்குச் சாலை கிடையாது. குளிர்காலத்தில் உறைகடல்தான் சாலை. அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கில் உறையத் தொடங்கினால் ஜூன், ஜூலைவரை கிடக்கும். ஸ்னோமொபைலில் நுழைகுடாவைத் தாண்டி, விரிகுடாவின் குறுக்கே போய், எதிர்க்கரை மலையைக் கடந்து கிம்மிருட் ஊருக்குப் போகும் தடம் 120 கிலோமீட்டர் நீளம். டிசம்பரில் பகல் நாலரை மணி நேரம்தான். அதற்குள் கடலை முடித்துவிட்டுக் கரையேறப் பார்ப்பார்கள்.

இந்த நுழைகுடாவின் தனிக்குணம் அதன் ஓதம். பெரிய ஏற்றங்களில் கடல் 11 மீட்டர்வரை எழுந்து தாழும். நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். ஒரு மீட்டருக்கும் மேல் கனமுள்ள பனித்தளத்தைக் கடல் தினம் இருமுறை தூக்கி இருமுறை இறக்குகிறது. நடுக்கடலில் இது தெரியவே தெரியாது. மொத்தத் தளமும் சேர்ந்து ஏறி இறங்கும். கரையோரத்தில்தான் சண்டை. கரையில் ஒட்டிய பனி அசையாது, கடல்பனி அசையும். இரண்டுக்கும் நடுவே வீட்டளவுப் பாளங்கள் உடைந்து, நிமிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வற்றத்தில் சேற்றுமேல் உட்காரும் பாளங்கள் ஏற்றத்தில் முனகிக்கொண்டு எழும். இடுக்குகளில் கடல்நீர் கொப்பளித்து மறுபடி உறையும். ஊரிலிருந்து கடலுக்குப் போகும் யாரும் முதலில் இந்தக் காட்டைக் கடந்தாகவேண்டும். எந்த நேரத்தில் எந்தச் சந்து திறந்திருக்கும் என்பது ஓதக் கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் கைவரும். ஆழ்கடல் துறைமுகம் 2023-ல்தான் வந்தது. அதுவரை கோடைச் சரக்குக் கப்பல்கள் தூரத்தில் நிற்க, ஏற்றம் பார்த்துத் தட்டையான படகுகளில்தான் அரிசியும் மாவும் காரும் கரைக்கு வந்தன.

ஹாலின் கதைக்கு வருவோம். 1861 அக்டோபரில் ஊர் திரும்பக் கப்பல் பாய் விரித்தபோது விரிகுடா வாயைப் பனி அடைத்துவிட்டது. எதிர்பாராத இரண்டாம் குளிர்காலம். கப்பலில் சாமான் போதாமல், மாலுமிகள் இனுயிட் இக்ளூக்களில் போய் ஒட்டிக்கொண்டு பிழைத்தார்கள். 1862 ஆகஸ்டில்தான் விடுதலை. டூக்கூலிட்டோவும் எபியர்பிங்கும் கைக்குழந்தையோடு கூட வந்தார்கள். அமெரிக்காவில் அவர்களைக் கண்காட்சிப் பொருளாகவும் மேடையேற்றினார்கள். ஹாலுக்கு அடுத்த பயணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. குழந்தை 1863-ல் நியூயார்க்கில் இறந்தது. ஹாலின் நல்ல குணங்களை எத்தனை சொன்னாலும், அவர்களைக் காட்சிக்கு விட்ட இந்த ஒன்று அவர் கணக்கில் கறைதான்.

ஆனாலும் அந்தத் தம்பதி அவரைக் கைவிடவில்லை. 1871-ல் வட துருவம் நோக்கிப் போன 'போலாரிஸ்' கப்பலிலும் உடன் இருந்தார்கள். அந்த நவம்பரில் ஹால் கப்பலில் இறந்தார். 1968-ல் உடலைத் தோண்டிச் சோதித்தபோது ஏராளமான ஆர்செனிக் இருந்தது தெரிந்தது. 1872 அக்டோபர் 15 இரவு, கப்பல் உடையும் என்று பயந்து சாமான்களைப் பனியில் இறக்கிக்கொண்டிருந்தபோது பாளம் பிளந்தது. 19 பேர் அதன்மேல் சிக்கிக்கொள்ள, கப்பல் இருட்டில் போய்விட்டது. அந்த 19 பேரில் டூக்கூலிட்டோ, எபியர்பிங், அவர்களுடைய வளர்ப்பு மகள். கிரீன்லாந்து வேட்டைக்காரர் ஹான்ஸ் ஹென்ட்ரிக்கின் இரண்டு மாதக் குழந்தையும் உண்டு. நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்த பாளத்தில் ஆறரை மாதம், சுமார் 2,900 கிலோமீட்டர் தெற்கே மிதந்து, 1873 ஏப்ரல் 30 அன்று லாப்ரடார் அருகே 'டைக்ரஸ்' கப்பலின் கண்ணில் பட்டார்கள். ஒருவரும் சாகவில்லை. எபியர்பிங்கும் ஹான்ஸும் பிடித்த சீல்தான் காரணம். கார்னீலியஸ் கிரின்னெல் விரிகுடாவில் ஹால் பார்த்த அதே கைவேலை. டூக்கூலிட்டோ 1876 டிசம்பர் 31 அன்று கனெக்டிகட்டின் கிராட்டனில் இறந்தாள். கல்லறை அங்கேதான் இருக்கிறது.

இன்றைய கவலை வேறு. 2009-10 குளிர்காலம் லாப்ரடார் கரையில் வழக்கத்துக்கு மாறாகச் சூடாக இருந்தது. நெயின் என்ற ஊரில் பின்னர் விசாரித்தபோது, ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர் அந்தப் பருவத்தில் பனி உடைந்து விழுந்ததாகச் சொன்னார்கள். விழுந்தவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் இல்லை. தாத்தா காலத்திலிருந்து நம்பிய தடமே மாறிவிட்டது. இதிலிருந்துதான் நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் ட்ரெவர் பெல் முன்முயற்சியில் 'ஸ்மார்ட் ஐஸ்' பிறந்தது. பனிக்குள் ஊன்றும் வெப்பமானிக் கம்பம் ஒன்று, சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டே கனம் அளக்கும் கருவி ஒன்று. எந்த இடத்தில் அளப்பது என்று முடிவு செய்வது ஊர் வேட்டைக்காரர்கள். அந்த முடிவை அவர்களிடம் விட்டதுதான் இந்தத் திட்டத்தின் மூளை.

இக்கலூயிட்டில் வாழ்ந்த ஷீலா வாட்-க்ளூட்டியே, 2005 டிசம்பரில் இன்னும் 62 இனுயிட்களோடு சேர்ந்து, அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்தில் மனுப் போட்டார். அமெரிக்கா வெளியிடும் புகையால் பனி போகிறது, பனி போனால் எங்கள் வாழ்வுரிமை போகிறது என்பது வாதம். மனு ஏற்கப்படவில்லை, 2007 மார்ச்சில் ஆணையத்தின் முன் பேச மட்டும் வாய்ப்புக் கிடைத்தது. குளிராக இருக்கும் உரிமை என்ற பொருளில் அவர் தன் நினைவுகளுக்குப் பெயரிட்டு 2015-ல் நூலாக்கினார்.

ஃப்ரோபிஷர் விரிகுடாப் பயணத்தைப் பற்றி ஹால் எழுதிய நூலுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தடித்த புத்தகம். ஊர் பேர் வைக்கும் பெருமையும் பிரசங்கமும் இடையிடையே வரும், அவற்றைத் தள்ளிவிடலாம். எபியர்பிங் சீல் துளைக்கு முன் உட்காரும் பக்கங்களையும், டூக்கூலிட்டோ பேசும் பக்கங்களையும் மட்டுமாவது தேடிப் படியுங்கள்.